கோர்வை எங்கே அறுகிறது? கதை எழுதப் பழக்கும் ஐந்து வழிகள்: ஓர் ஒப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. வருகைப் பதிவு முடிவதற்குள் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

“டீச்சர், நேத்து ஆட்டைக் காணோம்னு எங்க ஆயா அழுதுட்டாங்க. நான் ஏரிக்கரைப் பக்கம் தேடிட்டுப் போறப்ப வேலிகாத்தான் முள்ளுல கயிறு மாட்டிக்கிட்டு நின்னுட்டு இருந்துச்சு. அவுத்து விட்டதும் எம் பின்னாடியே வந்துடுச்சு. ஆயா என்னைத் திட்டவே இல்ல. காலைல சரியா கட்டாம விட்டது நான்தான், ஆயாவுக்கு அது தெரியாது.”

இதையே எழுதிக் கொண்டு வா என்றேன். பத்து நிமிடத்தில் நோட்டை நீட்டினாள்.

“ஆடு காணவில்லை. ஆயா அழுதார்கள். நான் ஏரிக்குப் போனேன். ஆடு இருந்தது. ஆடு வந்தது. நாங்கள் மகிழ்ச்சி அடைந்தோம்.”

ஆறு வாக்கியம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கயிறு, முள், குற்ற உணர்ச்சி, ஆயாவுக்குத் தெரியாத அந்த ஒரு செய்தி எல்லாம் போய்விட்டன. வாயில் கோர்வையாக வந்த கதை பென்சில் முனைக்கு வருவதற்குள் அறுந்துவிட்டது.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “படம் கொடுத்து எழுத வைப்பதா, குறிப்புக் கொடுப்பதா, இணைப்புச் சொற்களைச் சொல்லித் தருவதா, கதை வரைபடம் போட வைப்பதா, முதலில் வாயால் சொல்ல வைப்பதா? எல்லாவற்றுக்கும் நேரமில்லை. எதை எடுப்பது?” வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துப் பழக்கும் பெற்றோருக்கும் இதே குழப்பம். ஐந்தையும் வகுப்பில் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஐந்துமே ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கின்றன. எதை எடுத்துக்கொள்கிறது என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தால்தான் சிக்கல்.

## எதை வைத்து எடை போடுவது?

ஏன் நடந்தது என்று தெரிகிறதா? ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ‘அப்புறம்’ மட்டும்தான் பொருந்துகிறதா, ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ பொருந்துகிறதா என்று வைத்துப் படித்துப் பாருங்கள். பிள்ளை அந்தச் சொல்லை எழுதியிருக்க வேண்டியதில்லை. பொருந்தினால் போதும். ‘அப்புறம்’ தவிர எதுவுமே பொருந்தாத இடத்தில் கதை அறுந்திருக்கிறது. எனக்கு இதுதான் முதல் அளவுகோல், மற்ற நான்கும் இதற்குப் பிறகுதான்.

யார் யார் என்று குழம்பாமல் இருக்கிறதா? தமிழில் வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். ‘வந்தாள்’ என்றால் போதும், ‘அவள்’ வேண்டியதில்லை. வடை சுட்ட பாட்டி கதையில் பாட்டியும் காகமும் மட்டும் இருக்கும்வரை பிள்ளைகளுக்குத் தொல்லை இல்லை. ‘சுட்டாள்’ என்றால் பாட்டி, ‘தூக்கியது’ என்றால் காகம். நரி வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். ஒரு மாணவனின் நோட்டில் இப்படி இருந்தது: “அது பாடியது. அது கீழே விழுந்தது. அது எடுத்துக்கொண்டு ஓடியது.” பாடியது காகம், விழுந்தது வடை, ஓடியது நரி. ஒரு ‘அது’வுக்குள் மூவரும் குடியிருக்கிறார்கள். எழுதியவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, படிப்பவருக்குத்தான் தெரியவில்லை. நம் ஊரில் கதை சொல்லும் பெரியவர்கள் இதை அழகாகத் தாண்டிவிடுவார்கள். ‘நரியார் சொன்னார்’ என்று மரியாதை கொடுத்துவிட்டால் காகத்தோடு குழம்பாது.

முடிவு தொடக்கத்தோடு பேசுகிறதா? கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர்கள் கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1987-இல் எழுதியபோது, தொடக்க நிலையில் எழுதுபவர்கள் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே போவார்கள் என்று விளக்கினார்கள். இப்போது எழுதிய வாக்கியம் எதை நினைவூட்டுகிறதோ அதுவே அடுத்த வாக்கியம். தெரிந்தது தீர்ந்த இடத்தில் கதையும் நின்றுவிடும். ‘மகிழ்ச்சி அடைந்தோம்’, ‘வீட்டுக்குச் சென்று தூங்கினான்’ போன்ற முடிவுகள் அப்படி வருபவைதான்.

நடைவண்டியை எடுத்த பிறகும் நடக்கிறதா? நாம் கொடுத்த படமோ குறிப்போ இல்லாமல், வெறும் தலைப்பை மட்டும் கொடுத்தால் பிள்ளை என்ன எழுதும்?

ஒரு பாடவேளைக்குள் அடங்குமா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்பை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்துபவருக்கு உதவாத முறை, தாளில் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை.

## 1. படவரிசை

நான்கைந்து படங்கள், அவற்றுக்கு ஒரு வரிசை. கதையைக் கற்பனை செய்யும் சுமை பிள்ளைக்கு இல்லை. எது முன், எது பின் என்ற தடுமாற்றமும் இல்லை. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பழகிவிட்டோம். வாக்கியம் அமைக்க இப்போதுதான் கை வரும் பிள்ளைகளுக்குப் படவரிசை நல்ல பிடிமானம்.

படம் எடுத்துக்கொள்வது எது? பெரும்பாலான பிள்ளைகள் கதை எழுதுவதில்லை, படத்தை விவரிக்கிறார்கள். “ஒரு பையன் நிற்கிறான். ஒரு நாய் இருக்கிறது. பையன் பந்து வைத்திருக்கிறான்.” நிகழ்காலத்தைக் கவனியுங்கள். கதை என்றால் ‘நின்றான்’, ‘இருந்தது’ என்று இறந்தகாலம் வரவேண்டும். கண்ணெதிரே படம் இருப்பதால் காலம் நிகழ்காலத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் படத்துக்குப் போகும்போது திடீரென்று ‘ஓடினான்’ என்று மாறும், நான்காவதில் மறுபடி ‘அழுகிறான்’. அதே காரணத்தால்தான் ‘இந்தப் பையன்’, ‘அந்த நாய்’ என்று எழுதுகிறார்கள். விரலால் சுட்டிக் காட்டுவது போல. படத்தைப் பார்க்காதவருக்கு எந்தப் பையன் என்று எப்படித் தெரியும்? ‘ஒரு பையன்’ என்று அறிமுகப்படுத்திவிட்டுத்தான் ‘அந்தப் பையன்’ என்று சொல்ல முடியும் என்பதைப் படம் கற்றுத்தருவதில்லை, மறைத்துவிடுகிறது.

இன்னொன்று. காரணம் எந்தப் படத்துக்குள்ளும் இல்லை, இரண்டு படங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. இரண்டாம் படத்தில் பையன் சிரிக்கிறான், மூன்றாவதில் அழுகிறான். ஏன்? அந்த வெள்ளை இடைவெளிதான் கதை. பிள்ளை அதைத் தாண்டிக் குதித்துவிடும்.

சரிசெய்ய இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, படங்களைப் பார்த்துப் பேசிய பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதச் சொல்வது. காலம் தானாக இறந்தகாலத்துக்கு வந்துவிடும். இரண்டு, நடுவில் ஒரு படத்தை மறைத்துவிட்டு அங்கே என்ன நடந்திருக்கும் என்று கேட்பது. இந்த இரண்டாவதை வைத்துத்தான் படவரிசையை இன்னும் கைவிடாமல் இருக்கிறேன்.

செலவு என்று பார்த்தால் நகல் எடுக்கும் காசு, கறுப்பு வெள்ளை நகலில் நாயா ஆடா என்று தெரியாமல் போவது, நல்ல படவரிசை தேடும் நேரம். மூன்றாம் வகுப்பின் முதல் பருவத்துக்கும், பலவகுப்பு அறையில் ஒரு குழுவை அமைதியாக உட்கார வைக்கவும் இதைவிட வசதியானது கிடையாது.

## 2. குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுதல்

காகம் – தாகம் – நீர் தேடுதல் – பானை – அடியில் சிறிது நீர் – கற்கள் போடுதல் – நீர் மேலே வருதல் – தாகம் தீர்தல். நாம் எல்லோரும் இப்படித்தான் கதை எழுதப் படித்தோம். தேர்வுத்தாளில் இன்னும் வருகிறது. அதனாலேயே பலர் முதலில் இதைத்தான் எடுக்கிறார்கள்.

இதில் கோர்வை இருப்பது உண்மை. ஆனால் அது குறிப்பைத் தயாரித்தவரின் கோர்வை. தேடுதல், போடுதல், தீர்தல் என்று முடிகிற தொழிற்பெயரைத் தேடியது, போட்டது, தீர்ந்தது என்று வினைமுற்றாக்குவது மட்டும்தான் பிள்ளையின் வேலை. அது இலக்கணப் பயிற்சி, நல்ல பயிற்சிதான். கதை அமைக்கும் பயிற்சி இல்லை. 38 நோட்டைத் திருத்தினால் 38-லும் ஒரே கதை இருக்கும். கைடில் உள்ள விடையை மனப்பாடம் செய்தவரையும் தானாக எழுதியவரையும் பிரித்தறிய முடியாது.

ஒரு முறை இதைச் சோதித்துப் பார்த்தேன். குறிப்பு கொடுத்தால் முழுப் பக்கம் எழுதும் ஐந்தாம் வகுப்பு மாணவனிடம் ‘மழை பெய்த நாள்’ என்று தலைப்பை மட்டும் கொடுத்தேன். நெடுநேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்துவிட்டு, “டீச்சர், குறிப்பு எங்கே?” என்றான். நடைவண்டி பழகிய குழந்தைக்குத் தரை தெரியவில்லை.

குறிப்பின் மறைமுகச் செலவு கடைசி வரியில் வருகிறது: ‘நீதி’. கதைக்குள் எங்கும் நடக்காத ஒன்றை நீதியாக எழுதிவிட்டு, முடிவு எழுதியாகிவிட்டது என்று பிள்ளை நம்பிவிடுகிறது. ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று எழுதிய பின் காகம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

எப்போது எடுக்கலாம்? இரண்டு வாரத்தில் தேர்வு, வினாவும் இந்த வடிவில்தான் வரும் என்றால் தயங்காமல் எடுங்கள். மதிப்பெண் பிள்ளையின் உரிமை. மற்ற நாட்களில் தலைகீழாகச் செய்யுங்கள். முழுக்கதையைக் கொடுத்து, அதற்குக் குறிப்பை எழுதச் சொல்லுங்கள். கதையின் எலும்பு எது, சதை எது என்று பிரிக்கும்போதுதான் பிள்ளை கோர்வையைக் கண்ணால் பார்க்கிறது. அரைப் பாடவேளை போதும், திருத்துவதும் எளிது.

## 3. இணைப்புச் சொற்கள்

ஆனால், எனவே, ஆகவே, மேலும், பிறகு, அதனால் என்று ஒரு அட்டை எழுதிச் சுவரில் தொங்கவிட்டு, “இவற்றைச் சேர்த்து எழுதுங்கள்” என்பது. ஐந்தில் எனக்கு நம்பிக்கை குறைவானது இதுதான்.

வாக்கியத்தை வாக்கியத்தோடு சேர்க்கும், வெளியே தெரியும் கட்டுகளை 1976-இல் மொழியியலாளர்கள் மைக்கேல் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் ஆங்கிலத்துக்காக ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இணைப்புச் சொல் அந்த ஐந்தில் ஒன்று மட்டும்தான். சுட்டு (‘அவன்’, ‘அது’), பதிலிடு சொல் (முன் சொன்னதற்குப் பதிலாக வருவது), தொக்கி நிற்பது (சொல்லாமலே புரிவது), சொல்லுறவு (அதே சொல்லோ தொடர்புள்ள சொல்லோ மறுபடி வருவது) எல்லாம் அதற்கு இணையான கட்டுகள். தமிழில் இணைப்பின் பெரும்பகுதி தனிச்சொல்லாக நிற்பதே இல்லை, வினைக்குள் ஒட்டியிருக்கிறது. ‘விழுந்தான். எனவே அழுதான்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘விழுந்து அழுதான்’, ‘விழுந்ததும் அழுதான்’, ‘விழுந்ததால் அழுதான்’, ‘விழுந்தாலும் அழவில்லை’ என்கிறோம். நாலு உறவு, நாலு விகுதி. சுவரிலுள்ள அட்டையில் இவை எதுவும் இல்லை.

அட்டையைப் பார்த்து எழுதிய ஒரு நோட்டிலிருந்து: “மேலும் காகம் பறந்தது. எனவே மரத்தில் உட்கார்ந்தது. ஆகவே நரி வந்தது.” சொல் இருக்கிறது, உறவு இல்லை. படிப்பவரை ஏமாற்றும் கோர்வை இது. மேலோட்டமாகத் திருத்தினால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அட்டை வேண்டுமென்றால் அதில் -ததும், -தபோது, -ததால், -தாலும், -தால், -விட்டு, -கொண்டே என்ற முடிவுகளை எழுதுங்கள். அதுவும் பிள்ளை ஒரு கதையை எழுதி முடித்த பிறகு, இரண்டாம் முறை எழுதும்போது. முதல் முறைக்கு இது தடை.

## 4. கதை வரைபடம்

யார்? எங்கே? என்ன சிக்கல்? என்ன நினைத்தார்? என்ன செய்தார்? என்ன ஆனது? இந்தக் கேள்விகளுக்குக் கட்டம் போட்டு, முதலில் கட்டத்தை நிரப்பிவிட்டுப் பிறகு கதையை எழுதுவது. இதற்குப் பின்னால் நல்ல ஆய்வு இருக்கிறது. நான்சி ஸ்டைனும் கிறிஸ்டீன் க்ளென்னும் 1979-இல் பிள்ளைகளின் கதைகளைச் சூழல், தூண்டும் நிகழ்ச்சி, மனவோட்டம், முயற்சி, விளைவு, எதிர்வினை என்ற உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இந்த ஆறில் என் பிள்ளைகள் வழக்கமாக விட்டுவிடுவது மூன்றாவதை. நடந்தது இருக்கும், செய்தது இருக்கும், நினைத்தது இருக்காது. ஆனால் நடந்ததையும் செய்ததையும் இணைக்கும் முடிச்சே அந்த நினைப்புதான். ‘நாய் குரைத்தது. ராமு மரத்தில் ஏறினான்.’ நடுவே ‘கடித்துவிடுமோ என்று பயந்து’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள், இரண்டு வாக்கியமும் ஒன்றாகிவிடும். வரைபடம் மட்டும்தான் இந்த இடத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, “இங்கே ஏதோ இருக்க வேண்டும்” என்று பிள்ளையிடம் சொல்கிறது. அந்த ஒரு கட்டத்துக்காகவே இந்த முறையை எடுக்கலாம்.

முடிவுக்கும் உதவும். ‘என்ன சிக்கல்’, ‘என்ன ஆனது’ இரண்டு கட்டத்தையும் கோடு போட்டு இணைக்கச் சொன்னால், இணையாத முடிவைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

குறை என்னவென்றால், ஒரு மாதம் போனால் வரைபடம் படிவமாகிவிடும். வங்கியில் சலான் நிரப்புவது போல ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்: ‘ராமு’, ‘காடு’, ‘புலி’, ‘பயம்’, ‘ஓடினான்’, ‘தப்பித்தான்’. பிறகு அந்த ஆறு சொல்லும் ஆறு வாக்கியமாகும். சுற்றி வந்து குறிப்புக் கதையிலேயே நிற்போம். அதோடு, எல்லாக் கதையிலும் ஒரு சிக்கல் இருந்தே ஆக வேண்டும் என்றும் ஆகிவிடுகிறது. பாட்டி ஊரில் விடுமுறை கழித்ததை எழுத வந்த சிறுவன், ‘சிக்கல்’ கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஒரு பாம்பைக் கொண்டுவந்து சேர்த்தான். அவனுக்கு வேண்டியிருந்தது பாம்பு இல்லை. கிளம்பும் நாளில் பாட்டி பேருந்து நிறுத்தம் வரை வந்து நின்றதைத்தான் அவன் சொல்ல வந்தான்.

ஆகவே கட்டத்தைத் தாளில் அச்சடிக்காதீர்கள். கரும்பலகையில் கேள்வியாக இருக்கட்டும், பதில் பேச்சாக இருக்கட்டும். வாக்கியம் சரளமாக வந்துவிட்ட நான்கு, ஐந்தாம் வகுப்புக்கே இது பொருந்தும். எழுத்துக் கூட்டி எழுதும் நிலையில் உள்ள பிள்ளைக்குக் கட்டமும் ஒன்று, கதையும் ஒன்று என்று இரண்டு முறை எழுதும் சுமைதான் மிஞ்சும்.

## 5. முதலில் வாயால் சொல்லி, பிறகு எழுதுதல்

இனி நான் ஒரு பக்கம் சாய்கிறேன், மறைக்கவில்லை.

ஆட்டுக் கதையை மறுபடி பாருங்கள். அவள் பேசியதில் எத்தனை இணைப்பு! ‘காணோம்னு’, ‘தேடிட்டுப் போறப்ப’, ‘மாட்டிக்கிட்டு’, ‘விட்டதும்’, ‘கட்டாம விட்டது’. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வினையெச்சம் தெரியாது என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது. பெயர்தான் தெரியாது. எழுத உட்கார்ந்ததும் இவை அத்தனையும் முற்றுப்புள்ளியாகிவிட்டன. ஏன்?

பயம் என்பது என் பதில். ‘போறப்ப’ என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையால் கோடு போடுவார். அதன் எழுத்துத்தமிழ் வடிவம் ‘போகும்போது’ என்று உடனே தோன்றாது. ‘மாட்டிக்கொண்டு’ என்பதில் ‘கொண்டு’வுக்கு எந்த ‘ண’ என்ற சந்தேகம் வேறு. எதற்கு வம்பு, ‘இருந்தது’ என்று எழுதினால் எந்தத் தப்பும் வராது. பிள்ளை பிழைக்குப் பயந்து கோர்வையை விட்டுவிடுகிறது. பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் நடுவில் இருக்கும் வாய்க்காலைத் தாண்டும்போது இணைப்புகளெல்லாம் தண்ணீரில் போய்விடுகின்றன. மற்ற நான்கு முறைகளும் இந்த வாய்க்காலைப் பார்ப்பதே இல்லை. பிள்ளையிடம் கோர்வையே இல்லை என்று நினைத்துக்கொண்டு வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கின்றன.

நான் செய்வது இது. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பேன். ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார். கேட்பவருக்கு அந்தச் சம்பவம் முன்பே தெரிந்திருக்கக் கூடாது. இது முக்கியம். கேட்பவருக்கு ஒரே வேலை, புரியாத இடத்தில் ‘யாரு?’, ‘ஏன்?’ என்று கேட்பது. பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஐந்து ஐந்து நிமிடம். அதன்பின் எழுத்து. எழுதும்போது ‘போறப்ப’ என்றே வந்தாலும் வரட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இரண்டாம் முறை எழுதும்போது ‘போறப்ப’ ‘போகும்போது’ ஆகும், ‘விட்டதும்’ அப்படியே நிற்கும். பேச்சு வடிவத்தை அடித்துத் திருத்துவதில்லை, பக்கத்தில் எழுத்து வடிவத்தை எழுதிக் காட்டுகிறோம்.

‘அது’ குழப்பமும் இங்கேதான் தீர்கிறது. ‘அது ஓடிப்போச்சு’ என்றால் எதிரே இருப்பவன் விடமாட்டான், ‘எது?’ என்பான். நான் எத்தனை முறை வட்டம் போட்டுக் காட்டினாலும் புரியாதது, பக்கத்தில் இருப்பவன் ஒரு முறை முழித்ததும் புரிந்துவிடுகிறது.

செலவு இல்லாமல் இல்லை. வகுப்பு இரைச்சலாக இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பலவகுப்பு அறையில் மற்ற குழுவுக்கு வேறு வேலை கொடுத்து வெளியே மரத்தடிக்கு அனுப்பினால்தான் நடக்கும். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு எதிரே யாரை உட்கார வைக்கிறோம் என்பதில் நிறைய யோசனை வேண்டும். வாயாடியோடு சேர்த்தால் அந்தக் கதையே காணாமல் போய்விடும். எழுதி முடிக்க ஒரு பாடவேளை போதாது, இரண்டு நாள் ஆகும். பிள்ளைகள் வீட்டுச் செய்தியையெல்லாம் சொல்லிவிடுவார்கள். எதை வகுப்பில் சத்தமாகப் படிக்கலாம், எதைக் கூடாது என்ற பொறுப்பும் ஆசிரியருடையது.

வீட்டில் பழக்குகிறவர்களுக்கு இதைவிட மலிவானது இல்லை. கேட்பவருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. “அப்புறம் என்னடா ஆச்சு? அவன் ஏன் அங்க போனான்?” என்று அரிசி களைந்துகொண்டே கேட்கும் பாட்டி போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணம் | யார் யார் | முடிவு | துணை இல்லாமல் | நேரம், உழைப்பு |
|---|---|---|---|---|---|
| படவரிசை | படங்களுக்கு நடுவே விடுபடும் | ‘இந்தப் பையன்’ என்று சுட்டும் பழக்கம் | படமே தரும் | ஓரளவு | ஒரு பாடவேளை; நகல் செலவு |
| குறிப்பு | தயாரித்தவருடையது | பெரும்பாலும் தெளிவு | நீதியில் மறைந்துவிடும் | நிற்காது | குறைவு. திருத்த எளிது |
| இணைப்புச் சொல் | போலியாக வரும் | உதவாது | உதவாது | நிற்காது | மிகக் குறைவு |
| கதை வரைபடம் | நன்று, மனவோட்டம் வந்தால் | ஓரளவு | மிக நன்று | பேச்சாகச் செய்தால் நிற்கும் | ஒன்றரைப் பாடவேளை |
| வாய்வழி | மிக நன்று | மிக நன்று | கேட்பவரைப் பொறுத்தது | நிற்கும் | இரண்டு நாள், இரைச்சல் |

‘முடிவு’ கட்டத்தில் வாய்வழி முறை வரைபடத்துக்குத் தோற்பதைக் கவனியுங்கள். வாயால் சொல்லும் பிள்ளை, கேட்பவர் சிரித்தவுடன் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடும்.

## உங்கள் நிலைக்கு எது?

மூன்றாம் வகுப்பு, வாக்கியம் இப்போதுதான் வருகிறது என்றால் படவரிசை, அதுவும் கவிழ்த்து வைத்து எழுதும் முறையில். பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பெண், ஒரு ஆண், ஒரு விலங்கு என்று விகுதி வேறுபடும்படி பாருங்கள். இரண்டு சிறுவர்களோ இரண்டு விலங்குகளோ வரும் கதையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

நாலாம் வகுப்பு, பேசுகிறார்கள் ஆனால் எழுத்தில் வற்றிப்போகிறது என்றால் வாய்வழிதான். வாரத்துக்கு ஒரு முறை போதும், ஒரு பருவம் விடாமல் செய்யுங்கள்.

ஐந்தாம் வகுப்பு, நீளமாக எழுதுகிறார்கள் ஆனால் முடிவு எங்கோ போகிறது என்றால் வரைபடம். கேள்விகளைக் கரும்பலகையில் வைத்து, ‘என்ன நினைத்தார்’ என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டாயமாகக் கேளுங்கள்.

வெளிநாட்டில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்கு என் சாய்வு பொருந்தாது. வீட்டுப் பேச்சில் தமிழ் மெலிந்துபோன பிள்ளைக்கு வாயிலேயே இணைப்பு இருக்காது, எழுத்தில் எங்கிருந்து வரும்? அங்கே படவரிசையில் தொடங்கி, அதே படத்தை வைத்துப் பேச வைத்துப் பிறகு எழுதச் சொல்வதே சரி.

எந்த முறையை எடுத்தாலும் திருத்தும்போது ஒன்று செய்து பாருங்கள். முதல் வாசிப்பில் எழுத்துப் பிழையைத் தொடாதீர்கள். கதை அறுந்த இடத்தில் ஓரத்தில் ‘ஏன்?’ என்று ஒரே ஒரு சொல் எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். 38 நோட்டுக்கும் அரை மணி நேரம்தான் ஆகும்.

ஆட்டுக் கதை எழுதிய சிறுமியின் நோட்டிலும் இரண்டு இடத்தில் ‘ஏன்?’ எழுதினேன். ‘ஆயா அழுதார்கள்’ பக்கத்தில் ஒன்று, ‘ஆடு இருந்தது’ பக்கத்தில் ஒன்று. பிறகு அவளை ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தியிடம் கதை சொல்ல வைத்தேன். அந்த அக்கா, “ஆயா உன்னை ஏன் திட்டல?” என்று கேட்டாளாம். மறுநாள் வந்தது இது. (சில நாள் கழித்து அவளே ஆயாவிடம் சொல்லிவிட்டாள், அதனால்தான் இங்கே தருகிறேன்.)

“ஞாயிற்றுக்கிழமை ஆட்டைக் காணோம் என்று ஆயா அழுதார்கள். எனக்குப் பயமாக இருந்தது ஏன் என்றால் காலையில் கட்டியது நான்தான். யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரைக்குப் போய்த் தேடினேன். ஆடு வேலிகாத்தான் முள்ளுல கயிறு மாட்டிக்கொன்டு நின்றது. அவிழ்த்து விட்டதும் என் பின்னாடியே வந்தது. ஆயா ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொன்டு என்னை நல்ல பிள்ளை என்று சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயாவுக்கு இன்னும் தெரியாது. டீச்சர் நீங்களும் சொல்லாதீர்கள்.”